பதினோரு மணிச் சோறு

அந்த வீட்டில் நாங்கள் பதினான்கு மாதங்கள் இருந்தோம். நியூஜெர்சியின் வடமேற்கு மூலை அது. ஈஸ்ட் பிரன்ஸ்விக் பக்கம் வீடு பார்த்திருந்தால் தமிழ் பேச நாலு பேராவது கிடைத்திருப்பார்கள். ஆனால் கணவருக்குக் கிடைத்த ப்ராஜெக்ட் மலைப்பக்கத்து ஊர் ஒன்றில். அங்கிருந்து தினமும் போய்வந்தால் மூன்று மணி நேரம் சாலையிலேயே போய்விடும் என்று கணக்குப் போட்டு, ஆபீசிலிருந்து பதினைந்து நிமிடத்தில் இருந்த இந்த வாடகை வீட்டை எடுத்தார். கணக்கு சரிதான். அதில் என்னுடைய நாட்கள் எங்கே வருகின்றன என்று கேட்க அப்போது எனக்கே தோன்றவில்லை.

இருந்தது ஒரு கார். காலை ஏழு மணிக்கு அது போய்விடும். பிறகு நானும் இரண்டரை வயது மகளும். வீட்டின் பின்பக்கம் மரப்பலகையால் கட்டிய மேடை, டெக் என்பார்கள். கண்ணாடிக் கதவைத் தள்ளினால் அதில் போய் நிற்கலாம். அதிலிருந்து நாலு படி இறங்கினால் ஒரு துண்டுப் புல்தரை. அதற்கப்புறம் காடு. ஓக் மரங்களும் பாறைகளுமாக மேடேறிப் போகும். முன்பக்கம் நடைபாதை இல்லாத சாலை. எதிர்வீட்டு அம்மாள் தபால் எடுக்க வெளியே வரும்போது கையசைப்பார். நானும் அசைப்பேன். சில நாட்களில் வளர்ந்த மனிதர் ஒருவரோடு நான் நடத்திய உரையாடல் அவ்வளவுதான்.

ஈரோட்டில் ஒரு பெண்கள் கல்லூரியில் இரண்டு வருடம் இயற்பியல் நடத்தியவள் நான். மணிக்கணக்கில் பேசிப் பழகிய வாய். இங்கே என் விசாவில் வேலை பார்க்க அனுமதியில்லை. மகளுக்கு இன்னும் சரியாகப் பேச்சு வரவில்லை. ஒற்றைச் சொற்கள்தான், அதிலும் பாதி டிவியில் பொறுக்கியவை. நான் பேசுவது போதவில்லையா, இரண்டு மொழியையும் கலந்து குழப்புகிறேனா, என் முகம் எப்போதும் தொங்கிக் கிடப்பதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாளா என்று தினமும் ஒரு காரணம் கண்டுபிடிப்பேன். ஒவ்வொரு காரணமும் சுற்றிவந்து என்னிடமே நிற்கும்.

நாங்கள் குடிபோன இரண்டாம் மாதம், பிப்ரவரிக் கடைசியில், மாமனார் ஈரோட்டில் இறந்துபோனார். கணவரின் பாஸ்போர்ட் விசா முத்திரைக்காகத் தபாலில் போயிருந்தது. திரும்பி வர எத்தனை வாரமாகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அவர் போகவில்லை. கொழுந்தனார் கொள்ளி வைத்தார். கணவர் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு நெடுநேரம் நின்றார். மறுநாள் வேலைக்குப் போய்விட்டார்.

காரியம் முடிந்து அத்தை ஃபோனில் என்னிடம்தான் பேசினார்கள்.

"அம்மிணி, அவனுக்கு வர முடியலைன்னு மனசுல கெடந்து அரிக்கும். நீ ஒண்ணு பண்ணு. வருசம் திரும்பற வரைக்கும் தெனமும் ஒரு கவளம் காக்காய்க்கு வெச்சுட்டு அப்பறமா நீ சாப்பிடு. அங்கெல்லாம் காக்கா உண்டுதான?"

"இருக்குதுங்க அத்தை."

"அப்படீன்னா சரி. அவரு மக சோறு கேக்கமாட்டாரு, மருமக சோறு கேப்பாரு. உன்ர ரசம்னா அவருக்குப் பிரியம்."

காகங்கள் இருக்கத்தான் செய்தன. நம்மூர்க் காகத்தைவிடப் பெரியவை; உச்சிக் கொம்பில் உட்கார்ந்து கரகரவென்று கத்தும். ஆனால் மனிதர் கைச்சோற்றுக்கு அவை பழகவில்லை. மார்ச் முழுவதும் பனி. பதினோரு மணிக்குச் சோற்றில் பருப்பும் நெய்யும் பிசைந்து, ஒரு சின்ன எவர்சில்வர் தட்டில் வைத்து டெக்கின் கைப்பிடிமேல் வைப்பேன். கா கா என்று கூப்பிட வேண்டும். எதிர்வீட்டு அம்மாள் காதில் விழுமோ என்று கூச்சம். காதுக்குள் ரகசியம் சொல்வதுபோல் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு உள்ளே ஓடிவந்துவிடுவேன். சாயங்காலம் பார்த்தால் உருண்டை கல்லாக உறைந்து கிடக்கும். கணவர் வருவதற்குள் எடுத்துக் குப்பையில் போடுவேன்.

சனிக்கிழமை காலை அத்தை கேட்பார்கள்.

"எடுத்துச்சா அம்மிணி?"

"எடுத்துச்சுங்க அத்தை."

"எத்தன வந்துச்சு?"

"ஒண்ணுதானுங்க."

"ஒண்டியாத்தான் வருவாரு. கல்யாண வீட்டுக்குக்கூட என்னைய விட்டுப்போட்டு முன்னாடியே போயிருவாரே." அத்தை சிரித்தார்கள். மாமனார் போனபின் அவர்கள் சிரித்து நான் கேட்டது அன்றுதான். அதற்குப் பிறகு உண்மையை எப்படிச் சொல்வது?

ஏப்ரல் பாதியில் ஒருநாள் தட்டு காலியாக இருந்தது. ஒரு பருக்கை மிச்சமில்லை. கழுவித் துடைத்தது போலிருந்தது. நான் டெக்கில் நின்று அழுதேன். பொய்யாகச் சொன்னதெல்லாம் கொஞ்சம் தாமதமாக மெய்யாகிவிட்டது என்று நினைத்தேன். மறுநாளும் காலி. அதற்கு அடுத்த நாளும். நெய்யைக் கூட்டினேன். வெள்ளிக்கிழமைகளில் வடை வைத்தேன். சில நாள் தட்டு கீழே புல்லில் கிடந்தது. காற்று என்று நினைத்தேன். ஒருமுறை அதன் விளிம்பு வளைந்திருந்தது. எங்காவது இடறி மிதித்திருப்பேன் என்று சமாதானம் செய்துகொண்டேன். சின்ன விஷயங்களைச் சந்தேகப்பட்டே பொழுதைப் போக்குகிற நான் அந்த ஒன்றை மட்டும் சந்தேகப்படவில்லை. அந்த நேரத்தில் மகளுக்குச் சாப்பாடு ஊட்டுவேன். ஊட்டும் நாற்காலி சமையலறைக்குள் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் டெக் தெரியாது.

ஜூனில் ஒருநாள் மகள் நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று இறங்கி ஓடிவிட்டாள். கிண்ணத்தோடு பின்னால் போனேன். கண்ணாடிக் கதவில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து நின்றுகொண்டிருந்தாள்.

"பிக் டாகி," என்றாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவள் முகத்துக்கு நேராக, பழுப்பு மூக்கு ஒன்று. மூச்சுப் பட்டுக் கண்ணாடி வெள்ளையாகியது, தெளிந்தது, மறுபடி வெள்ளையாகியது. கரடி. கரி போன்ற கறுப்பு. ஒரு காதில் பச்சைப் பிளாஸ்டிக் துண்டு, கழுத்தில் தோல் பட்டை. என் மாமனாரின் தட்டு அதன் முன்னங்கால்களுக்கு நடுவே கிடந்தது. பின்னால் படிக்கட்டில் இரண்டு குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்துகொண்டிருந்தன.

மகளைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டேன். அவள் "டாகி! டாகி!" என்று என் தோளில் அடித்தாள். எவ்வளவு நேரம் உள்ளே இருந்தோமோ தெரியாது. வெளியே வந்தபோது டெக்கில் தட்டு மட்டும்தான் இருந்தது. கழுவித் துடைத்ததுபோல்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். ஷூவின் ஒரு நாடாவை அவிழ்த்தபடியே கேட்டார்.

"கரடியா? நெசமாவா?"

"இத்தன நாளா அதுதானுங்க தின்னிருக்குது. காக்கா இல்லீங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்பா ஒடம்பு போட்டுட்டாரு போல," என்றார். அவருக்கே சிரிப்பு வந்து, பாதியில் நின்று, மற்ற ஷூவைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரமே வனவிலங்குத் துறையிலிருந்து ஒரு பெண் வந்தார். என் வயதுதான் இருக்கும். எதிர்வீட்டு அம்மாளின் பறவைத்தீனிக் கூண்டைக் கரடி பிய்த்துப் போட்டிருந்தது, புகார் கொடுத்திருந்தார்கள். அந்தத் தெருவில் வீடு வீடாக விசாரித்து வந்தார். வெளியே பறவைத்தீனி தொங்கவிடுகிறீர்களா, நாய்க்கு உணவு வைக்கிறீர்களா என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். இரண்டும் இல்லைதானே. பிறகு அவர் டெக்குக்குப் போனார். கைப்பிடி மரத்தில் நெய் ஊறிக் கறுத்திருந்த இடத்தில் விரலை வைத்து முகர்ந்தார். பக்கத்தில் பல் பதிந்த கீறல்கள். பலகை இடுக்கில் காய்ந்த பருக்கைகள்.

"இது என்ன?"

"சோறு."

"யாருக்கு?"

"காகத்துக்கு," என்றேன். அதோடு நிறுத்த முடியவில்லை. இறந்தவர்கள் காகமாக வந்து சாப்பிடுவார்கள் என்பதையும், மாமனாரையும், தபாலில் போன பாஸ்போர்ட்டையும் ஒரே மூச்சில் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். அத்தனை மாதத்தில் அந்நியர் ஒருவரிடம் அவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை. கல்லூரியில் படித்தவள் இப்படிச் சொல்கிறாளே என்று நினைப்பாரோ என்றிருந்தது. விசாவுக்கு ஏதாவது வந்துவிடுமோ என்றும் இருந்தது.

அவர் சிரிக்கவில்லை. "நீங்கள் யாருக்கு வைக்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது," என்றார். "வீடு என்றால் சாப்பாடு என்று மட்டும் தெரிந்துகொள்ளும். குட்டிகளும் அதையே படிக்கும்."

அந்தக் கரடியை அவருக்குத் தெரிந்திருந்தது. போன வருடம் குப்பைத்தொட்டிகளை உருட்டியதற்காகக் கூண்டு வைத்துப் பிடித்து, காதில் பச்சைத் துண்டும் கழுத்தில் ரேடியோ பட்டையும் மாட்டி, பெரிய சத்தம் போட்டுப் பயமுறுத்திக் காட்டில் விட்டிருக்கிறார்கள். அது ஒரு எச்சரிக்கை. இனி அது ஒரு வீட்டுக்குள் நுழைந்தாலோ மனிதர்களிடம் பயமில்லாமல் நெருங்கினாலோ கொன்றுவிடுவார்கள். அதற்கு அவர் பயன்படுத்தியது கருணைக்கொலை என்பதற்கு மருத்துவர்கள் சொல்லும் மெல்லிய சொல். குட்டிகளுக்கு ஐந்து மாதம். தாய் இல்லாமல் அவை பிழைக்குமா என்பது சந்தேகம் என்றார்.

"உங்கள் வீட்டை நெருங்கியிருக்கிறதா?"

கண்ணாடியில் மகளின் கைரேகைகள் இன்னும் துடைக்காமல் இருந்தன. அவற்றுக்கு மேலே ஈரம் காய்ந்த வட்டம் ஒன்றும் இருந்தது. அவர் அதன் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

"டெக்குக்கு வந்தது," என்றேன். "தட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டது."

அவர் ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்தார். சோற்றை இன்றோடு நிறுத்துங்கள், கைப்பிடியை அம்மோனியா போட்டுத் துடையுங்கள் என்றார். இன்னும் சில வாரம் அது பழக்கத்தில் வரும். வந்தால் பாத்திரத்தைத் தட்டி, கத்தி விரட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் அது வெறும் வயிற்றோடும் பயத்தோடும் திரும்பிப் போக வேண்டும். அதுதான் அதற்கு நீங்கள் செய்யக்கூடிய நல்லது என்றார்.

அவர் போனதும் கணவருக்கு ஃபோன் செய்தேன். அவர் ஆபீசில் என்பதால் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"கண்ணாடிகிட்ட பாப்பா மூஞ்சிக்கு நேரா நின்னத சொன்னியா?"

"இல்லீங்க."

"ஏம்புள்ள? உனக்குப் பைத்தியமா? அதச் சொன்னா அவங்க ஆக்‌ஷன் எடுப்பாங்கல்ல?"

"எடுத்தா கொன்னுபோடுவாங்க. சோத்த வெச்சுக் கூப்பிட்டது நானுங்க. கா கா-ன்னு வாயத் தொறந்து கூப்பிட்டேன். அது வந்துச்சு. அதுக்கு அது என்னங்க பண்ணும்?"

பிறகு சொன்னார்: "இன்னொரு தடவ அது டெக் மேல ஏறட்டும். நானே ஃபோன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிருவேன். கொழந்த விசயத்துல ரிஸ்க் எடுக்க முடியாது."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் என்னைத் தின்றது. சொந்தக் குழந்தையைவிடக் காட்டு மிருகம் பெரிதாகப் போயிற்றா என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். பெற்றவள் செய்கிற காரியமா இது?

பயத்துக்கு எனக்குத் தெரிந்த மருந்து படிப்புதான். அந்தத் துண்டுப் பிரசுரத்தைப் பரீட்சைக்குப் போகிறவள்போல் படித்தேன். சனிக்கிழமை நூலகத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லி இரண்டு புத்தகங்கள் எடுத்துவந்தேன். குளிர்காலத்தில், பாறை இடுக்கிலோ விழுந்த மரத்தடியிலோ சருகைக் குவித்துப் படுத்துக்கொண்டு, உண்ணாமல் குடிக்காமல் இருக்கும்போதுதான் கரடி குட்டி போடுகிறது. அணில் அளவுதான் இருக்கும் குட்டி. வெளியே பனி பெய்ய, உள்ளே தன் கொழுப்பையே பாலாக்கி ஊட்டுகிறது. அதற்கு ஆண் துணை கிடையாது. வசந்தத்தில் இறங்கி வரும்போது பாதி எடை போயிருக்கும். காட்டில் அப்போது ஒன்றும் பழுத்திருக்காது. சதுப்பில் முளைக்கும் நாற்றக்கீரை, புல், அழுகிய கட்டையைப் புரட்டினால் எறும்பு முட்டை. அவ்வளவுதான். அந்த நேரத்தில் மைல்கணக்கில் நெய்வாசம் பிடிக்கிற மூக்கு அதற்கு. நான் வைத்த பருப்புச்சோறு எந்த வாரத்தில் காலியாகத் தொடங்கியது என்று எண்ணிப் பார்த்தேன். சரியாக அந்த வாரங்கள்தான். அது குட்டிகளோடு இறங்கி வந்திருக்கிறது, நான் இலை போட்டிருக்கிறேன்.

அந்தப் பெண் வந்துபோன மறுநாள் முதல் பதினோரு மணிக்கு நான் தட்டு வைக்கவில்லை. ஆனால் கரடி வந்தது. மணி பார்க்கத் தெரிந்ததுபோல் வந்தது. முதலில் புதர் அசையும். பிறகு அது புல்தரையின் ஓரத்தில் வந்து நின்று மூக்கைத் தூக்கும். கல்யாணச் சீரில் வந்த பெரிய பித்தளைத் தாம்பாளத்தை எடுத்து, கண்ணாடிக் கதவை ஒரு சாண் திறந்து, குழம்புக் கரண்டியால் அடித்தேன். "போ! போ!" என்று தமிழில் கத்தினேன். ஆங்கிலத்தில் கத்த வரவில்லை. கரடி ஹூஃப் என்று மூச்சை விட்டது. குட்டிகள் இரண்டும் நொடியில் ஓக் மரத்தில் விறுவிறுவென்று ஏறின. தாய் அடிமரத்தில் நின்று பற்களைத் தட்டியது. டக் டக் என்று எனக்குக் கேட்டது. அது கோபமல்ல, பயம் என்று பிரசுரத்தில் போட்டிருந்தது. என் பற்களும் அடித்துக்கொண்டுதான் இருந்தன.

மகள் என் கால்களைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளுக்கு அது விளையாட வரும் ஆள். இரண்டாம் வாரத்தில் ஒருநாள், நான் கரண்டியை எடுத்ததும், என் புடவையைப் பிடித்து இழுத்துச் சொன்னாள்:

"கரடி ஹங்க்ரி அம்மா. சோறு குடு."

அவள் கோத்துச் சொன்ன முதல் வாக்கியம் அது. எத்தனை மாதம் காத்திருந்தேன். கீழே உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டிய நேரம். நான் தாம்பாளத்தை அடித்தேன்.

விரட்டி முடித்தபின் வீட்டில் விழும் அமைதியை எப்படிச் சொல்வது? துறைக்காரப் பெண்ணைத் தவிர்த்தால் அந்த வீட்டுக்கு வந்தவர் வேறு யாருமில்லை. தபால்காரர்கூடச் சாலையோடு போய்விடுவார். தினமும் ஒரே நேரத்துக்கு என் வாசலைத் தேடி வந்தது அந்த ஒரு ஜீவன்தான். அதுவும் என்னைப்போல் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒண்டியாக அல்லாடுகிறது. அதை நான் நாள் தவறாமல் துரத்திக்கொண்டிருந்தேன். மதியம் சோறு இறங்காது. அதற்கென்று எடுத்துவைத்துப் பழகிய முதல் கவளம் கையிலேயே நிற்கும்.

சனிக்கிழமைகளில் பொய் தொடர்ந்தது. எடுத்துச்சுங்க அத்தை. ஒண்ணுதானுங்க.

ஆடி அமாவாசைக்கு முந்திய சனிக்கிழமை அத்தை பட்டியலே வைத்திருந்தார்கள். "வடை, பாயசம், அவரைக்கா பொரியல், எல்லாம் வெச்சு முழு எலையா போட்டு வெளிய வெச்சுரு. மொத ஆடி அமாவாச. அவரு மட்டுமில்ல, அவங்கப்பாரு, தாத்தா எல்லாரும் வருவாங்க."

நெய்யும் வெல்லமும் போட்ட முழு இலை. ஆறு வாரமாக நான் அடித்த அடியெல்லாம் ஒரே நாளில் வீணாகும். வைக்காமல் வைத்தேன் என்று சொல்லிவிடலாம். அது எனக்குப் பழகிய வேலைதான். ஆனால் அந்த எல்லாரையும் வாசலில் நிறுத்திவிட்டுப் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அத்தை, வெளிய வெக்க முடியாதுங்க," என்றேன்.

சொல்லிவிட்டேன். கரடியை, குட்டிகளை, துறைக்காரப் பெண் சொன்னதை, தாம்பாளத்தை எல்லாம் சொன்னேன். அத்தை குறுக்கே பேசவில்லை. முடித்ததும் ஒன்று மட்டும் கேட்டார்கள்.

"அப்ப பனி பேஞ்சுதுன்னியே, அந்த மாசம் வந்தது யாரு?"

அதைக் கேட்பார்கள் என்று நான் நினைத்திருக்கவில்லை.

"யாரும் வரலீங்க அத்தை."

கம்பியில் இரைச்சல் மட்டும் ஓடியது. அத்தை அழுகிறார்களா, ஃபோனை வைத்துவிட்டார்களா என்று தெரியவில்லை. மன்னிச்சுக்குங்க என்று சொல்ல வாயெடுத்தேன்.

"செரி விடு," என்றார்கள். "கரடியாவது வந்துச்சே."

ரிசீவரை மறு காதுக்கு மாற்றினேன்.

"பால் குடுக்கற கரடியா?"

"ஆமாங்க."

"அதப் போயி அடிச்சு வெரட்டறியே அம்மிணி. பாவம்ல? இல்லாட்டி கொன்னுபோடுவாங்கறியா? என்ன ஊரோ போ." மூக்கை உறிஞ்சினார்கள். "எலைய உள்ளயே போட்டு அவனத் திங்கச் சொல்லு. அப்பன் சோத்த மகன் தின்னா ஆகாதுன்னு எவஞ் சொல்லுவான்?"

அமாவாசையன்று கணவர் அரைநாள் விடுப்பு எடுத்திருந்தார். எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டு வடை சுட்டேன். அடுப்புக்கு மேலே இருந்த புகைபோக்கி வாசனையைச் சுவர் வழியாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இயற்பியல் நடத்தியவள்.

பத்தேமுக்காலுக்குப் புதர் அசைந்தது. அந்த வாரத்தில் அது இரண்டே நாள்தான் வந்திருந்தது. அதுவும் புல் ஓரத்தோடு திரும்பிவிட்டது. அன்று நிற்காமல் வந்தது. புல்தரையைக் கடந்து நேரே படிக்கு வந்தது.

கணவர் மகளைத் தூக்கி மேசைமேல் உட்காரவைத்துவிட்டு ஃபோனைக் கையில் எடுத்தார். துறையின் எண் எழுதிய காகிதம் ஃபோனுக்குக் கீழேதான் இருந்தது, நான்தான் வைத்திருந்தேன்.

"ஏறுனா கூப்பிடறேன்," என்றார்.

"இருங்க."

"இதுக்கு மேல என்ன இருக்கறது?"

கதவிடுக்கில் நின்று அடித்தேன். கரடி நிமிர்ந்து பார்த்தது. அந்தச் சத்தம் அதற்குப் பழகிப்போயிருந்தது. கதவுக்குள்ளேயே நிற்கிற சத்தம்தானே. முன்னங்கால் ஒன்றை முதல் படியில் வைத்தது. நகங்கள் பலகையில் உரசியது கேட்டது. பின்னால் கணவர் பொத்தான்களை அழுத்தும் சத்தமும் கேட்டது.

நான் கதவை முழுக்கத் தள்ளி வெளியே போனேன். அதுவரை அது வந்திருக்கும்போது நான் வெளியே நின்றதில்லை. அவர் "ஏய்!" என்று கத்தினார். தாம்பாளத்தைத் தலைக்கு மேலே தூக்கி அடித்துக்கொண்டே டெக்கின் விளிம்புவரை போனேன். என்ன கத்தினேன் என்று முழுதாக நினைவில்லை. "போயிரு, செத்துப்போயிருவ, போயிரு" என்று கத்தினேன் என்று அவர் பின்னால் சொன்னார். எங்களுக்கு நடுவே மூன்று படிகள். அதன் கண்கள் சின்னவை, நெருக்கமாக இருந்தன. மூக்கின்மேல் ஒரு பழைய தழும்பு. கரண்டி தலை கழன்று புல்லில் விழுந்தது. வெறுங்கையால் தாம்பாளத்தை அறைந்தேன்.

கரடி காலை எடுத்தது. ஹூஃப் என்றது. பின்வாக்கில் இரண்டு எட்டு வைத்து, திரும்பி ஓடியது. அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு வேகமாக ஓடும் என்று அப்போதுதான் பார்த்தேன். குட்டிகள் மரத்தில் ஏறக்கூட நிற்காமல் அதன் பின்னாலேயே போய்விட்டன.

உள்ளே வந்தேன். உள்ளங்கை சிவந்து வீங்கியிருந்தது. அவர் ரிசீவரைக் கையில் பிடித்தபடி நின்றார். அதிலிருந்து யாரோ ஹலோ ஹலோ என்றார்கள். "சாரி, ராங் நம்பர்," என்று சொல்லி வைத்துவிட்டார். பிறகு என் கையைப் பிடித்துக் குழாயடியில் காட்டினார். "டெக் மேல ஏறல," என்றார். "படிலதான் கால வெச்சுது."

உச்சிவேளையில் இலை போட்டேன். அப்பாவின் இலையில் அவர் உட்கார்ந்து, ரசம்வரை எல்லாம் சாப்பிட்டார். இன்னொரு கரண்டி ரசம் கேட்டார்.

அதற்குப் பிறகு அது டெக் பக்கம் வரவில்லை. மலைமேல் நாவல்பழம்போல் கறுத்த சின்னப் பழங்கள் புதர் புதராகப் பழுத்திருந்தன, அங்கே போயிருக்கும். அக்டோபரில் ஒருமுறை பார்த்தேன். மேட்டில், வெகுதூரத்தில், ஓக் மரக்கொம்பில் உட்கார்ந்து கிளைகளை வளைத்து ஏகோர்ன் கொட்டைகளைத் தின்றுகொண்டிருந்தது. குட்டிகள் நாயளவு வளர்ந்து அடியில் விழுந்ததைப் பொறுக்கின. குளிர்காலம் தாங்க வேண்டுமென்றால் அந்த மாதங்களில் பொழுதெல்லாம் தின்ன வேண்டும். மகளுக்குக் காட்டலாமா என்று யோசித்தேன். காட்டினால் கூப்பிடுவாள். காட்டவில்லை. பதினோரு மணியானால் எனக்குக் காது மட்டும் வெளியே போகும். புதரில் அணில்தான் இருக்கும்.

பிப்ரவரியில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தோம்; அடுத்த ப்ராஜெக்ட் சான்டா கிளாராவில். துறைக்காரப் பெண் ஃபோன் செய்தார். பச்சைத் துண்டுக் கரடிமேல் கோடையிலிருந்து ஒரு புகாரும் இல்லையாம். ரேடியோ சத்தத்தை வைத்து அது படுத்திருக்கும் இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால், மேட்டைத் தாண்டி, சரிந்த பாறைகளுக்கு அடியில். குட்டிகளும் அதோடுதான் இருக்கின்றன; இரண்டாவது குளிர்காலத்தையும் தாயோடுதான் கழிக்குமாம். மார்ச் முதல் வாரத்தில் பட்டையை மாற்றப் போகிறோம், மயக்கமருந்து கொடுத்துவிடுவோம், ஆபத்தில்லை, கிட்டத்தில் பார்க்கலாம், வருகிறீர்களா என்று கேட்டார்.

போகலாம்தான். பயணம் மார்ச் கடைசியில்தான் இருந்தது. அந்த ஊரில் ஒருவர் என்னை ஓரிடத்துக்கு வருகிறாயா என்று கேட்டது அதுதான் முதல்முறை. காற்றுக்கு எதிரே நிற்கலாம், பேசாமல் இருக்கலாம், தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றெல்லாம் ஒரு நிமிடம் ஓடியது.

"வேண்டாம்," என்றேன். "என் வாசனை அங்கே இருக்கக் கூடாது."

அவர் சரி என்றார். ஊர் மாறுவதற்கு வாழ்த்துச் சொல்லி வைத்துவிட்டார். நான் தாம்பாளத்தைப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். ஜன்னலுக்கு வெளியே மேடு முழுவதும் வெள்ளையாகக் கிடந்தது. அதில் ஒரு தடமும் இல்லை.